மாரிகாலத்துக்கு முன்

வாலிபர் ஐக்கியத்தின் பொன்விழா மலருக்கு வெளிநாட்டுப் பயணமும் விசுவாசமும் பற்றி எழுதித் தர வேண்டும் என்று மலர்க் குழுவினர் வீடு தேடி வந்து கேட்டார்கள். ஐக்கியத்தில் ஒரு காலத்தில் செயலராக இருந்தவன் என்ற கடன் எனக்கு உண்டு. ஐக்கியத்தின் வரலாறு இம்மலரிலேயே வேறு பக்கங்களில் வருவதால் அதைத் தொடவில்லை. வெள்ளாளன்விளை மைந்தர் அசரியா 1902-ல் யாழ்ப்பாணம் போய் வந்ததும், மறு ஆண்டே இந்திய மிஷனெரி சங்கம் பிறந்ததும் நம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆகவே நான் பல ஆண்டுகளாக வாசித்துவரும் ஓர் அயல்நாட்டு இளைஞரின் பயணங்களை எடுத்துக்கொள்கிறேன். அவர் டீட்ரிக் போன்ஹோஃபர். இரத்தசாட்சியாக அவரை நம் மேடைகள் அறியும். பதினெட்டு வயதில் கையில் வழிகாட்டி நூலோடு ரயில் ஏறிய மாணவனாக அவரை அறிந்தவர்கள் குறைவு.

பரதேசி என்னும் சொல்

பயணத்துக்கு முன் ஒரு சொல்லைப் பற்றிப் பேச அனுமதி வேண்டுகிறேன். தமிழில் 'பரதேசி' என்றால் இன்று ஏசும் சொல். வாசலில் கையேந்துபவனைக் குறிக்கும் சொல். ஆனால் நம் வேதாகமத்தை மொழிபெயர்த்த பெரியோர் அச்சொல்லை மரியாதையான இடத்தில் வைத்தார்கள். எபிரெயர் நிருபம் 11-ஆம் அதிகாரத்தில் ஆபிரகாமும் ஈசாக்கும் யாக்கோபும் பூமியின்மேல் தாங்கள் பரதேசிகள் என்று அறிக்கை செய்தவர்களாக நிற்கிறார்கள். அப்போஸ்தலனாகிய பேதுருவும் தம் முதல் நிருபத்தில் சபையாரை அப்படித்தான் பார்க்கிறார்.

அந்நிருபத்தின் முதல் அதிகாரம் 17-ஆம் வசனத்தில் பேதுரு கையாளும் கிரேக்கச் சொல் 'பரோய்க்கியா'. சொந்தமல்லாத ஊரில், அவ்வூராரின் வீடுகளுக்குப் பக்கத்தில், குடியுரிமை இல்லாமல் தங்கி வாழ்வது என்பது அதன் பொருள். அப்போஸ்தலர் நடபடிகள் 13:17-இல் பவுல், இஸ்ரவேலர் எகிப்தில் இருந்த காலத்தைச் சொல்லும்போதும் இதே சொல் வருகிறது. முதல் நூற்றாண்டின் கடைசியில் ரோமிலிருந்து கொரிந்துவுக்குப் போன கிளெமெந்துவின் நிருபம், ரோமில் பரதேசியாகத் தங்கியிருக்கும் சபை கொரிந்துவில் அப்படியே தங்கியிருக்கும் சபைக்கு எழுதுவதாகத் தன்னை அறிமுகம் செய்துகொள்கிறது. இச்சொல்தான் லத்தீன் வழியாக வந்து ஆங்கிலத்தில் 'பாரிஷ்' ஆயிற்று. நாம் வேலி கட்டி, எல்லை வகுத்து, பெயர்ப்பலகை வைத்து, 'எங்கள் சபை வட்டாரம்' என்று சொல்லிக்கொள்வதற்கு வழங்கும் சொல்லின் வேரிலேயே வேற்றூர் வாழ்க்கை இருக்கிறது. இதை முதன்முதலில் அகராதியில் கண்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

உள்ளூரை விட்டு ஒருநாளும் நகராத கிறிஸ்தவனும் பரதேசிதான். ஆனால் அது அவனுக்கு மறந்துபோகும். வேறு நாட்டில், வேறு மொழி ஆராதனையில், பாட்டுப் புத்தகத்தை எந்தப் பக்கம் திறப்பது என்று தெரியாமல் நிற்கும்போது அது நினைவுக்கு வரும்.

ரோமாபுரி, 1924

போன்ஹோஃபர் 1906 பிப்ரவரி 4-ஆம் நாள் பிரெஸ்லாவில் பிறந்தார். தந்தை பெயர்பெற்ற மனநல மருத்துவர். தாய்வழியில் இறையியலாளரும் போதகரும் உண்டு. கொள்ளுத்தாத்தா கார்ல் அவுகுஸ்ட் ஃபொன் ஹாஸே யேனாவில் சபைச் சரித்திரப் பேராசிரியர். அவர் ரோமுக்கு இருபது முறை போய் வந்தவர் என்பார்கள். ஆனாலும் பெர்லின் வீட்டில் ஞாயிறுதோறும் ஆலயத்துக்குப் போகும் வழக்கம் இல்லை. டீட்ரிக் இறையியல் படிக்கப் போவதாகச் சொன்னபோது, சபை என்பது சோர்ந்துபோன, சிறுத்துப்போன நிறுவனம் என்று அண்ணன்மார் தடுத்தார்கள். அப்படியானால் நான் அதைச் சீர்திருத்துவேன் என்று பிள்ளை பதில் சொன்னதாக வரலாறு. தைரியமான பதில்தான். ஆனால் எதைச் சீர்திருத்தப் போகிறோம் என்பதை அந்தப் பிள்ளை அதுவரை கண்ணால் கண்டதில்லை.

டியூபிங்கன் பல்கலைக்கழகத்தில் படிக்கையில் பனியில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டது. பெற்றோர் பதறி ஓடி வந்தார்கள். பதினெட்டாம் பிறந்தநாளும் அந்நாட்களில்தான். இத்தாலிக்குப் போகலாம் என்ற அனுமதி அப்போது கிடைத்தது. அண்ணன் கிளவுஸும் அவரும் ஏப்ரல் தொடக்கத்தில் பெர்லினில் ரயில் ஏறினார்கள். தலையில் அடிபடச் செய்தும் கர்த்தர் வழிநடத்துவார் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

முதல் நாட்களில் அவரும் எல்லாரையும் போலக் கொலோசியத்தின் முன் நின்றார். வத்திக்கான் அருங்காட்சியகத்தில் பாம்புகள் சுற்றிய லவோக்கோன் சிலை அவரை அசையவிடவில்லை. ஆனால் என் மனம் தங்குவது ஏப்ரல் 13-ஆம் நாளில். அன்று குருத்தோலை ஞாயிறு. காலையில் பரிசுத்த பேதுரு பேராலயத்துக்குப் போனார். பீடத்தைச் சுற்றி வெள்ளையர், கறுப்பர், கிழக்கு நாட்டார் என எல்லா நிறத்துத் துறவிகளும் குருமாணவர்களும் ஒரே அங்கியில் நின்றதைக் கண்டார். லுத்தரின் மாணவன், ஜெர்மன் பேராசிரியர் வீட்டுப் பிள்ளை, சபை என்பது தன் நாட்டையும் தன் மொழியையும்விடப் பெரியது என்பதை அன்று கண்ணால் கண்டார். பெந்தெகொஸ்தே நாளில் பலதேசத்தார் கூடிய காட்சியை (அப். 2) நாம் எத்தனை முறை வாசித்திருப்போம்! வாசித்தது வேறு, கண்டது வேறு.

அன்று மாலை திரினிட்டா தெய் மொந்தி ஆலயத்தில் மாலை ஆராதனை. கன்னியராக விரும்பிய நாற்பது பெண்பிள்ளைகள் வரிசையாக வந்து பாடினார்கள். ஆடம்பரம் இல்லை, நடிப்பு இல்லை. அந்த எளிமையும் கனமும் அவரைத் தொட்டன. சபை என்றால் என்ன என்பது இப்போதுதான் தமக்கு விளங்கத் தொடங்கியிருக்கிறது என்ற கருத்தை அந்த இரவு நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அந்தப் பதிவைப் படிக்கும்போதெல்லாம் எம்மாவு ஊருக்குப் போன சீஷர்கள் (லூக்கா 24) நினைவுக்கு வருவார்கள். வழிநெடுகப் பேசினார்கள். கண் திறந்ததோ ஊர் போய்ச் சேர்ந்து, பந்தியில் அமர்ந்த பின்புதான்.

மறுநாள் சாந்தா மரியா மஜ்ஜோரேயில் பாவசங்கீர்த்தனக் கூண்டுகளைச் சுற்றி ஜனங்கள் முழங்காற்படியிட்டிருந்தார்கள். கட்டாயத்துக்காக அல்ல, தேவைக்காகவே வந்தவர்கள் என்று முகங்களே சொல்லின. இது பதினெட்டு வயதில் கண்ட காட்சி. ஏறத்தாழ பதினான்கு ஆண்டுகள் கழித்து அவர் எழுதிய 'கூடி வாழ்தல்' என்ற சிறுநூலின் கடைசி அதிகாரம் பாவ அறிக்கையையும் திருவிருந்தையும் பற்றியது. சகோதரன் சகோதரனிடம் பாவத்தை அறிக்கை செய்வதை (யாக்கோபு 5:16) ஒரு லுத்தரன் போதகர் தம் மாணவர்களிடையே மீண்டும் நடைமுறைப்படுத்தியதன் வித்து அந்த ஆலயத்தில் விழுந்தது என்பது என் துணிபு. அதே வேளையில் அவர் கத்தோலிக்கராகிவிடவில்லை. போப்பாண்டவரைக் கூட்டத்தோடு சந்திக்கும் வாய்ப்பு கிடைத்தபோது அது அவரை ஈர்க்கவும் இல்லை. வியக்கத் தெரிந்தவருக்கு வேறுபடவும் தெரிந்திருந்தது.

நடுவில் சிசிலிக்கும் கடல் கடந்து திரிப்போலிக்கும் போனார்கள். இஸ்லாமியரிடையே அன்றாட வாழ்வும் வழிபாடும் பிரியாமல் இருப்பதைக் கவனித்தார். அங்கே தங்கிய நாட்கள் சில, குறிப்புகளும் சில. ஜூன் மாதம் திரும்பி, பெர்லின் பல்கலைக்கழகத்தில் கோடைப் பருவ வகுப்பில் உட்கார்ந்தார். மூன்று ஆண்டில், 21 வயதில், முனைவர் பட்ட ஆய்வேட்டை முடித்தார். தலைப்பு 'சாங்க்டோரும் கொம்மூனியோ'. அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணத்தில் நாம் ஞாயிறுதோறும் அறிக்கை செய்யும் 'பரிசுத்தவான்களுடைய ஐக்கியம்' என்பதே அது. நம் ஐக்கியத்துக்குப் பெயர் வைத்தவர்களும் அந்த வரியை மனதில் வைத்தே வைத்திருப்பார்கள் என்று நம்புகிறேன்.

பகைவனோடு மெக்சிகோ வரை

1930-ல் உதவித்தொகை பெற்று நியூயார்க்கின் யூனியன் இறையியல் கல்லூரிக்குப் போனார். பெரிய ஆலயங்களில் சுவிசேஷத்தைத் தவிர மற்ற எல்லாம் பேசப்பட்டதாக அவர் வருந்தினார். சுவிசேஷத்தை அவர் கேட்டது ஹார்லெமில், அபிசீனியன் பாப்டிஸ்ட் ஆலயத்தில். உடன்படித்த கறுப்பின நண்பர் ஃபிராங்க் ஃபிஷர் அழைத்துப் போனார். போனவர் பார்வையாளராக நிற்கவில்லை. ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்தார். உணவகம் ஒன்றில் ஃபிஷருக்குப் பரிமாற மறுத்தபோது நண்பர்களோடு எழுந்து வெளியேறினார். ஊர் திரும்பும்போது பெட்டியில் கறுப்பின மக்களின் ஞானப்பாட்டு இசைத்தட்டுகள் இருந்தன. பின்னாளில் ஃபின்கென்வால்டேயில் அவர் நடத்திய குருத்துவக் கல்லூரியில் ஜெர்மன் மாணவர்கள் அவற்றைக் கேட்டார்கள்.

அங்கே இன்னொரு நண்பர், ழான் லசேர், பிரெஞ்சுக்காரர். முதல் உலகப் போரில் கிளவுஸுக்கு மூத்த அண்ணன் வால்ட்டர் பிரெஞ்சுப் போர்முனையில் இறந்திருந்தார். பிரெஞ்சுக்காரன் என்றால் எதிரி என்று பாலோடு ஊட்டிய காலம். இருவரும் சேர்ந்து போரைப் பற்றிய திரைப்படம் ஒன்றுக்குப் போனார்கள். திரையில் பிரெஞ்சு வீரர்கள் கொல்லப்படுகையில் அரங்கில் சிரிப்பும் கைதட்டலும் எழுந்தன. லசேரின் துயரத்தைக் கண்ட ஜெர்மானியர் அவருக்கு ஆறுதல் சொல்ல முயன்றார். மலைப்பிரசங்கத்தைச் சொல்லுக்குச் சொல் கீழ்ப்படிய வேண்டிய கட்டளையாக (மத். 5:38-48) வாசிக்க அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் லசேர்.

1931 மே, ஜூன் மாதங்களில் இருவரும் பழைய காரில் மெக்சிகோவுக்குக் கிளம்பினார்கள். வேறு இரு நண்பர்கள் கொஞ்ச தூரம் உடன் வந்தார்கள். எல்லையில் காரை விட்டுவிட்டு ரயிலில் தொடர்ந்தார்கள். சியுதாத் விக்டோரியா என்ற ஊரில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி மாணவர் முன்னே ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் ஒரே மேடையில் சமாதானத்தைப் பற்றிப் பேசினார்கள். எபேசியர் 2:14-இல் பவுல் சொல்லும் நடுச்சுவர் இடிந்துகிடப்பதைக் கேட்டவர்கள் கண்ணாரக் கண்டிருப்பார்கள். அந்தக் கோடையில் முளைத்தது 1934 ஆகஸ்டில் டென்மார்க்கின் ஃபானோ தீவில் நடந்த மாநாட்டில் அவர் செய்த சமாதானப் பிரசங்கமாகவும், 1937-ல் மலைப்பிரசங்கத்தை விளக்கிய 'பின்பற்றுதல்' நூலாகவும் விளைந்தது.

வராத பயணம்

நம் தேசத்துக்கு வரவும் அவர் விரும்பினார். காந்தியடிகளிடம் சில மாதம் தங்கி, கூட்டு வாழ்வையும் அகிம்சையையும் கற்க வேண்டும் என்பது ஆசை. சிச்செஸ்டர் பேராயர் ஜார்ஜ் பெல் அவருக்காக எழுதினார். 1934 நவம்பர் 1 தேதியிட்ட கடிதத்தில் காந்தியடிகள் வரச் சொன்னார். தாம் சிறையிலோ சுற்றுப்பயணத்திலோ இல்லாவிட்டால் தம்மோடு தங்கலாம். எளிய சைவ உணவு போதுமானால் தங்கவும் உண்ணவும் செலவில்லை என்பது அதன் சாரம். குருத்துவப் பயிற்சியின் பொறுப்பு அவரை ஜெர்மனிக்கு அழைத்துக்கொண்டது. பயணம் நின்றது. இந்தியக் கிறிஸ்தவர்களாகிய நாம் இதை எண்ணிப் பெருமைப்படலாம், வருந்தவும் செய்யலாம்.

பிள்ளைகளுக்கு

படிப்புக்கும் ஊழியப் பயிற்சிக்கும் கோடையில் கடல் கடக்கும் நம் வாலிபருக்கு ஒன்று கேட்டுக்கொள்கிறேன். போகும் ஊரில் முதல் ஞாயிறே ஓர் ஆலயத்தைத் தேடுங்கள். நம் மொழி பேசாத ஆலயமாக இருந்தால் இன்னும் நல்லது. கடைசி வரிசையில் உட்காருங்கள். குறை எழுதாதீர்கள். அவர்கள் ஞாயிறு பள்ளியில் நாற்காலி எடுத்துப்போடவாவது நில்லுங்கள். இரவில் நாலு வரி நாட்குறிப்பு எழுதுங்கள். பன்னிரண்டு வயதில் எருசலேமுக்குப் போன நம் ஆண்டவர் (லூக்கா 2:41-52) தேவாலயத்தில் போதகர் நடுவே அமர்ந்து கேட்டார், வினவினார். அந்தப் பகுதியில் நாம் விட்டுவிடும் வசனம் 51-ஆவது. அவர் பெற்றோரோடு நாசரேத்துக்குத் திரும்பிப் போய் அவர்களுக்குக் கீழ்ப்படிந்திருந்தார்.

திரும்புதல்

1939 கோடை. போன்ஹோஃபருக்கு 33 வயது. ஹிட்லரின் படைக்கு அழைப்பு வரும் நிலை. அமெரிக்க நண்பர்கள் பாதுகாப்பான பணி ஏற்பாடு செய்து அழைத்தார்கள். ஜூன் 12-ல் நியூயார்க்கில் இறங்கினார். அன்பு குறைவில்லை, அறையும் உணவும் குறைவில்லை. லேக்வில்லில் யூனியன் கல்லூரித் தலைவரின் கிராமத்து வீட்டுத் தோட்டத்தில் மாலையில் ஆயிரக்கணக்கான மின்மினிகள் பறந்தன. அவர் மனமோ தம் மாணவர்களையும் போதகச் சகோதரரையும் விட்டு அகலவில்லை. எட்டே நாளில் அந்தப் பணியை வேண்டாமென்றார்.

ஜூன் 26-ஆம் நாள் வேதவாசிப்பில் இரண்டாம் தீமோத்தேயு 4:21 வந்தது. ரோமாபுரிச் சிறையில் இருக்கும் முதிய பவுல், மாரிகாலத்துக்கு முன்னே வந்துசேர் என்று தம் பிள்ளைக்கு எழுதும் வசனம். அதற்கு முன் 13-ஆம் வசனத்தில் துரோவாவில் விட்டுவந்த மேலங்கியையும் புஸ்தகங்களையும் கேட்கிறார். குளிர் வருகிறது, லூக்காவைத் தவிர ஆள் துணை இல்லை. ஒரு முதியவரின் இந்தச் சொந்த வேண்டுகோளில் இறையியல் என்ன இருக்கிறது என்று உரையாசிரியர் பலர் கடந்துபோய்விடுவார்கள். போன்ஹோஃபர் கடக்கவில்லை. நாள் முழுதும் அவ்வசனம் கூடவே வந்ததாகவும், அதைத் தமக்கே சொன்னதாக எடுத்துக்கொள்வது வேதத்தைத் தவறாகக் கையாள்வது ஆகாது என்றும் எழுதிவைத்தார். இந்த நாட்களின் சோதனையைத் தம் ஜனத்தோடு பகிர்ந்துகொள்ளாவிட்டால், போருக்குப் பின் அவர்களிடையே கிறிஸ்தவ வாழ்வைக் கட்டியெழுப்பும் உரிமை தமக்கு இராது என்று இறையியலாளர் ரெய்ன்ஹோல்ட் நீபூருக்கு எழுதினார்.

ஜூலை இரண்டாம் வாரம் தொடங்கும்போது கப்பல் ஏறிவிட்டார். அமெரிக்கா வந்திருந்த மூத்த அண்ணன் கார்ல் ஃபிரீட்ரிக் உடன் பயணம் செய்தார். 1924-ல் ரோமுக்குத் துணையாக வந்த கிளவுஸ் பெர்லினில் இருந்தார். பின்னால் 1945 ஏப்ரலில் டீட்ரிக்கும் கிளவுஸும் இரண்டு வார இடைவெளியில் கொல்லப்பட்டார்கள்.

ஜூலை 27-ஆம் நாள் டீட்ரிக் பெர்லின் வந்து சேர்ந்தார். ஐந்து வாரம் கழித்துப் போர் தொடங்கியது. மாரிகாலம் வர இன்னும் நாள் இருந்தது.