நடுவில் எஞ்சின், பின்னால் இருக்கை இல்லை

அரியக்குடியில் குத்துவிளக்குப் பட்டறைகளுக்கு நடுவே வளர்ந்தேன். கண் மட்டும் எப்போதும் கார் மேல்தான். நடுவில் எஞ்சின் வைத்த சின்னக் காரை ஒரு பெரிய கம்பெனி செய்தால் ஆட்கள் வாங்குவார்களா? ரெனோ 1980-லேயே செய்து பார்த்தது. வீட்டுக்கார் ரெனோ 5-இன் பின் இருக்கையைக் கழற்றிவிட்டு அங்கே 1.4 லிட்டர் டர்போ எஞ்சினை இறக்கியது. 160 குதிரைத்திறன்! மறு ஆண்டே மான்டே கார்லோ ராலியில் ஜான் ரக்னோத்தி அதை ஓட்டி ஜெயித்தார். அன்றைய ராலி விதிக்கு 400 கார் செய்தாலே போதுமாக இருந்தது, விற்றதோ ஆயிரக்கணக்கில்.

நம் பக்கம் கோயம்புத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ், டாடாவோடு கூட்டுச் சேர்ந்து 2018-இல் சின்னக் கார் டியாகோவின் வேகப் பதிப்பான டியாகோ ஜேடிபியைக் கொண்டுவந்தது. எஞ்சின் முன்னால்தான், 1.2 லிட்டர் டர்போ, அப்போதைய ஷோரூம் விலை 6.39 லட்சம். பத்திரிகைகள் பாராட்டின, விற்பனை சூடுபிடிக்கவில்லை. 2020-இல் கூட்டே கலைந்தது.

பின் இருக்கை இருந்த காருக்கே இந்தக் கதி. அப்பத்தாவை ஏற்றிக்கொண்டு பிள்ளையார்பட்டிக்குப் போக முடியாத காரை, வாசலில் ஏற்கெனவே ஒரு இன்னோவா நிற்கும் வீட்டுக்காரர்தான் வாங்குவார். எங்கள் பக்கம் அப்படிப்பட்ட வீடுகளும் இல்லாமல் இல்லை.