சாதி கப்பலேறிய கதை



கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்று சாத்திரம் பயமுறுத்தியது. உண்மையில் போனதா? மானம் கப்பலேறியது என்பது நம் பேச்சுவழக்கு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓடிய நீராவிச் சரக்குக் கப்பல்களைப் பார்த்தால், மானத்துக்கு முன்பே சாதி கப்பலேறிவிட்டது தெரிகிறது.

1914 வாக்கில் பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் 50,000க்கும் மேற்பட்ட லஸ்கர்கள் வேலை செய்தார்கள். இந்திய, ஆசிய மாலுமிகளை வெள்ளையர் அழைத்த பெயர் அது. அவர்கள் கூலி, வெள்ளை மாலுமியின் கூலியில் மூன்றில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் குறைவு. மாலுமி ஒருவர் தங்க 120 கன அடி இடம் வேண்டும் என்று 1906ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. லஸ்கர்களுக்கு அது பொருந்தாது என்றும் சொன்னது.

கப்பலை ஓட்டியது அடித்தளத்து நெருப்பு. கிடங்கிலிருந்து நிலக்கரியை வாரி வந்து கொட்டியவர் கோய்லாவாலா. அதை உலையில் அள்ளிப் போட்டவர் ஆக்வாலா. நான்கு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு. இரவும் பகலும் இதே சுற்று. நெருப்பு தணிந்தால் நீராவியின் அழுத்தம் குறையும், கப்பல் தளரும். எரிந்து மிஞ்சிய சாம்பலையும் கசடையும் வாரி வெளியேற்றுவதும் இவர்கள் பாடுதான்.

இவர்களுக்கும் கீழே ஒருவர் இருந்தார். அவர் டோபாஸ். கழிப்பறை கழுவுவதும் குப்பை அள்ளுவதும் அவர் வேலை. அந்த வேலைக்குப் பெரும்பாலும் துப்புரவுச் சாதிகளிலிருந்தே ஆள் எடுத்தார்கள். மேல்தளத்துக் கலாசி தண்டலாகலாம், செராங்காகவும் உயரலாம். ஆள் சேர்ப்பவரே செராங். தன் ஊர், தன் உறவு என்றுதான் அவர் சேர்த்தார். அந்த வட்டத்துக்கு வெளியே நின்றவருக்கு ஏணியின் முதல் படியே எட்டாது.

இந்த ஏற்பாடு யாருக்கு லாபம்? முதலாளிக்கு. சுரண்டப்பட்டவர்கள் எல்லோரும் ஒரே கப்பலில் இருந்தார்கள்; ஆனாலும் ஒருவர் தொட்ட துடைப்பத்தை மற்றவர் தொடவில்லை. சாதி உழைப்பாளர்களையே கூறுபோடுகிறது என்று அண்ணல் அம்பேத்கர் 1936இல் எழுதினார். கரையில் மட்டுமல்ல, நடுக்கடலிலும் அது உண்மையாக இருந்தது.

கப்பல் தொழிலாளர் வரலாற்றை நாம் எழுதும்போது செராங்கோடும் ஆக்வாலாவோடும் நிறுத்திக்கொள்ளக் கூடாது. பழைய பணியாளர் பட்டியல்களைப் புரட்டும் மாணவர்கள் டோபாஸ் என்ற சொல்லைத் தேடுங்கள். அதன் எதிரே ஒரு மனிதரின் பெயர் இருந்தால், அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.