சட்டத் தரவாய்வு (செங்கல்பட்டுச் சீமை)

சட்டங்கள், தீர்ப்புகள், உரிமைப் பதிவுகள் ஆகியவற்றை இனம்வாரியாகப் பிரித்து எண்ணி, சட்டம் நடைமுறையில் எப்படி இயங்குகிறது என்று அறியும் துறை. அமெரிக்க வழக்கறிஞர் லீ லோவிங்கர் 1949இல் இதற்கு ‘ஜூரிமெட்ரிக்ஸ்’ என்று பெயரிட்டார். வேலை அந்தப் பெயரைவிட மூத்தது. செய்யூர்க் கரையை உள்ளடக்கிய செங்கல்பட்டுச் சீமையே அதற்குச் சான்று.

ஆர்க்காட்டு நவாப் 1763இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக (வருவாய் மானியமாக) கொடுத்த இந்தச் சீமை, கடலோரமாகப் பழவேற்காட்டிலிருந்து ஆலம்பரை வரை நீண்டிருந்தது. பொறியாளர் தாமஸ் பார்னார்ட் 1767 முதல் 1774 வரை அங்கே சுமார் 2,000 ஊர்களின் விவரங்களைத் திரட்டினார். ஊர்க் கணக்குப்பிள்ளைகளின் ஓலைக் கணக்குகளே அதற்கு அடிப்படை. நஞ்சை, புஞ்சை, ஏரி, தோப்பு, வீடுகள், மானிய நிலம் என ஊர்தோறும் ஒரே மாதிரியான விவரங்கள் கேட்கப்பட்டன. களத்தில் நெல் அளக்கும்போது கோயிலுக்கு எவ்வளவு, கணக்கருக்கு, வெட்டியானுக்கு, தச்சர் கொல்லருக்கு, வண்ணாருக்கு எவ்வளவு என்ற, ‘சுதந்திரம்’ எனப்பட்ட பங்குகளும் பதிவாயின. கம்பெனி இதைச் செய்தது வரிக்காக. ஆயினும் எழுதாச் சட்டமாக நடந்துவந்த ஊர் வழக்கம், ஓர் ஊரை இன்னோர் ஊரோடு ஒப்பிடும்படி பதிவாகிவிட்டது. இந்தக் கணக்குகளின் பெருமதிப்பு இதுதான்.

நிலம் யாருடையது என்ற மிராசுப் பிணக்கு முற்றியபோது, சென்னை அரசின் கேள்விகளுக்குச் சென்னைக் கலெக்டர் எஃப். டபிள்யூ. எல்லிஸ் 1816இல் பழைய பத்திரங்களைச் சான்றுகாட்டி விடையளித்தார். அது 1818இல் அச்சேறியது. பார்னார்ட் கணக்குகளோ நெடுங்காலம் ஆவணக் கட்டுகளிலேயே கிடந்தன. வரலாற்றாய்வாளர் தரம்பால் அவற்றை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த பிறகு, சென்னைக் கொள்கை ஆய்வு மையத்தின் ஜே. கே. பஜாஜும் எம். டி. சீனிவாசும் அவற்றை ஊர்வாரியாகத் தொகுத்து ஆராய்ந்தனர். கணக்குப்பிள்ளைகளின் ஓலைகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் உள்ளன. வரலாற்றாய்வாளர்கள் நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் சோழர் கல்வெட்டுகளில் வரிச் சொற்களையும் ஆட்பெயர்களையும் காலம், வட்டாரம் பிரித்து எண்ணியது இதே வழியில் நடந்த பெரும்பணி.

இன்றைய கட்டம் 2007இல் தொடங்கிய மின்னணு நீதிமன்றத் திட்டத்தோடு வந்தது. கீழமை நீதிமன்றங்களின் வழக்கு விவரங்கள் தேசிய நீதித் தரவுத் தொகுப்பு வழியாக 2015இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டன. பாகப்பிரிவினை வழக்கானாலும் காசோலை வழக்கானாலும் அதற்கு 16 இடங்கள் கொண்ட சி.என்.ஆர். எண் உண்டு: மாநிலத்தையும் மாவட்டத்தையும் குறிக்க 4 எழுத்து, நீதிமன்றத்துக்கு 2 இலக்கம், வரிசை எண்ணுக்கு 6, ஆண்டுக்கு 4. வழக்கு எத்தனை ஆண்டாக வாய்தா வாங்குகிறது, எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதை இதை வைத்துக் கணக்கிடலாம். 2010 முதல் 2018 வரையிலான சுமார் 8 கோடி வழக்குப் பதிவுகளைத் திரட்டி, அவற்றில் குற்ற வழக்குகளை ஆராய்ந்த குழு ஒன்று, நீதிபதிகள் தம் பாலினத்தாருக்கோ மதத்தாருக்கோ சாதகமாகத் தீர்ப்பளித்ததாகக் குறிப்பிடத்தக்க சான்று இல்லை என்று கண்டது.

வழக்கு எண்ணைப் பட்டா, அடங்கலில் உள்ள சர்வே எண்ணோடு சேர்த்துப் பார்த்தால்தான் நிலத் தகராறு எங்கே, எதனால் குவிகிறது என்பது தெரியும். பார்னார்ட் கணக்கில் ஊரும் உரிமையும் ஒரே ஏட்டில் இருந்தன. இப்போது நிலம் வருவாய்த்துறையிடமும் வழக்கு நீதிமன்றத்திடமும் தனித்தனியே கிடக்கின்றன. செங்கல்பட்டு 2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானதால், அதற்கு முந்தைய மாவட்டப் புள்ளிவிவரங்களை வட்டம்வாரியாகப் பிரித்த பிறகே ஒப்பிட முடியும்.