= குறிக்கு இரண்டு வேலை கொடுத்தது யார்?

காமர்ஸ் படித்துவிட்டு நிரல் எழுதப் பழகும் நம்மில் பலர் முதலில் முட்டி நிற்பது இந்த வரியில்தான்:

இருப்பு = இருப்பு + 200

பள்ளிக் கணக்குப்படி இது பச்சைப் பொய். இரண்டு பக்கமும் இருப்பை அடித்துவிட்டால் 0 = 200 என்று நிற்கும். அப்புறம் கம்ப்யூட்டர் மட்டும் இதை எப்படி ஒத்துக்கொள்கிறது? பதில் கணிதத்தில் இல்லை நண்பர்களே, வரலாற்றில் இருக்கிறது.

= குறியை 1557ல் அச்சில் கொண்டுவந்தவர் ராபர்ட் ரெக்கார்ட் என்ற வேல்ஸ் நாட்டு மருத்துவர். 'இதற்குச் சமம்' என்று திரும்பத் திரும்ப எழுத அலுத்துப்போய், ஒரே நீளத்தில் இரண்டு இணைகோடு போட்டார். சமம் என்பதைக் காட்ட அதைவிடப் பொருத்தமான படம் ஏது? கணிதத்தில் அதற்கு நிலைத்துப்போன அர்த்தம் அதுதான்.

1957ல் ஐபிஎம்மில் ஜான் பேக்கஸ் குழு ஃபோர்ட்ரான் மொழியை வெளியிட்டது. அப்போது நிரலைத் துளை அட்டையில் அடிக்க வேண்டும். அந்த எந்திரத்தில் இருந்த குறிகளே கொஞ்சம். × கிடையாது, அதனால் பெருக்கலுக்கு * போட்டார்கள் (எக்செல்லில் நாம் இன்றும் போடுவது அதேதான்). கூடவே = குறியையும் எடுத்து, 'வலப்பக்கத்தைக் கணக்கிட்டு இடப்பக்கப் பெயரில் வை' என்ற கட்டளைக்குக் கொடுத்துவிட்டார்கள். குழப்பம் ஆரம்பித்தது இங்கேதான்.

எல்லோரும் இதை ஏற்கவில்லை. 1958ல் அல்கால் மொழி இந்த வேலைக்கு := என்று தனிக்குறி வைத்தது. பாஸ்கலும் அதே வழி. 1964ல் டார்ட்மத் கல்லூரியில் கெமெனியும் கர்ட்ஸும் உருவாக்கிய பேசிக், அறிவியல் படிக்காத மாணவர்களையும் மனதில் வைத்துச் செய்த மொழி, அதாவது நம்மைப் போன்றவர்களுக்கு! அதில் = இருந்தாலும் முன்னால் 'லெட்' என்ற சொல் வரும். இது கட்டளை, சமன்பாடு இல்லை என்று அது காட்டிக் கொடுக்கும்.

பிறகு கென் தாம்சனின் பி மொழி வந்தது. நிரலில் ஒப்பிடுவதைவிட மதிப்பை வைப்பதுதான் அடிக்கடி வரும், ஆகவே அதற்குச் சின்னக் குறி போதும் என்பது அவர் கணக்கு. வைப்பதற்கு =, ஒப்பிடுவதற்கு == என்று ஆனது. சி, ஜாவா, பைத்தான் எல்லாம் அந்த வழியில் வந்தவை.

% குறியும் இப்படித்தான். நமக்கு அது சதவீதம். சி, பைத்தானில் அது வகுத்தபின் வரும் மீதி. ஆலங்குளம் சிமெண்ட் ஆலைக் கணக்கில் சொன்னால், 1030 கிலோவை 50 கிலோ மூட்டைகளாகக் கட்டினால் 20 மூட்டை போக மிஞ்சுவது எவ்வளவு? 1030 % 50 என்றால் 30.

தமிழில் இதை மாற்றினார்களா? முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் மொழியைப் பாருங்கள். 2009ல் அதைப் பற்றி ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். அதில்,

@( இருப்பு > 600 ) ஆனால்
    பதிப்பி "போதும்"
முடி

என்று எழுதலாம். நிபந்தனை முதலில், 'ஆனால்' பின்னால்.. நாம் பேசுகிற வரிசை. சொற்கள் தமிழுக்கு வந்துவிட்டன. ஆனால் >, =, == அப்படியே இருக்கின்றன. இந்தக் குறிகளை எந்த மொழிக்காரரும் தன்னுடையது என்று சொல்ல முடியாது, அதனால் மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை. கூடவே அந்தப் பழைய குழப்பமும் வந்து சேர்ந்தது.

நம் பழைய கணக்கு ஏடுகளில் பற்றுக்கு ௶, வரவுக்கு ௷ என்று தனித்தனிக் குறி இருந்தது. 2003ல் யூனிகோடிலும் சேர்த்தார்கள். ஒரே குறிக்கு இரண்டு வேலை கொடுக்கவில்லை.

இப்போது முதல் வரியைப் பேரேடு மாதிரிப் படியுங்கள். வலப்பக்க இருப்பு ஆரம்ப இருப்பு. இடப்பக்க இருப்பு இறுதி இருப்பு. காலையில் 500, வரவு 200, சாயங்காலம் 700. பொய் எங்கே இருக்கிறது?

இந்த வரி புரியாமல் 'எனக்குக் கணக்கு வராது' என்று நிரல் எழுதுவதையே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. தடுமாற்றம் அவர்கள் மூளையில் இல்லை. 1957ல் துளை அட்டை எந்திரத்தில் குறிகள் போதாமல் போனதில் இருக்கிறது.