கிழங்கில் விளைந்த முத்து

மைசூரில் கல்லூரி மாணவர் கூடும் கடைகளில் இந்நாளில் ஒரு புதிய பானம் கிடைக்கிறது. குவளையில் குளிர்ந்த பால் தேநீர். அடியில் கருமணிகள் போன்ற உருண்டைகள். அவற்றையும் சேர்த்து உறிஞ்சுவதற்கென்றே அகன்ற குழல் ஒன்று. ‘பபிள் டீ’ என்பது அதன் பெயர். தைவான் நாட்டுப் பானம் என்று இளைஞர்கள் பெருமையாகச் சொல்லுகிறார்கள். அதைப் பருகிவிட்டு வீடு திரும்பும் பேரனுக்குப் பாட்டியார் சப்பக்கிப் பாயசம் வைத்திருப்பார். அவன் அதை ஏறெடுத்தும் பாரான். கன்னடத்தார் சப்பக்கி என்றும், வடநாட்டார் சாபுதானா என்றும், நாம் ஜவ்வரிசி என்றும் வழங்கும் பொருளும், கடையில் அவன் மென்று சுவைத்த கருமணியும் உடன்பிறந்தவை என்பதைப் பேரனும் அறியான், பாட்டியாரும் அறியார்.

இரண்டும் மரவள்ளிக் கிழங்கின் மாவே. அம்மாவு முத்தாக உருண்ட கதையைப் பின்னோக்கிப் பார்த்தால் ஒரு விந்தை புலனாகும். ஒரு பொருள் கிடையாமற்போன இடத்தில் மற்றொரு பொருள் வந்து அமர்வதும், வந்தது பழையதின் பெயரையே சூட்டிக்கொள்வதுமாக இக்கதை நடந்திருக்கிறது. அதில் மைசூருக்கும் ஒரு பங்கு உண்டு. அது வெற்றிக் கதையன்று, ஆயினும் சொல்லத்தக்கது.

ஆதியில் ஜவ்வரிசி கிழங்கிலிருந்து வந்ததன்று. மலேயாத் தீவுக்கூட்டத்தின் சதுப்பு நிலங்களில் ‘சாகு’ என்னும் பனையினம் ஒன்று உண்டு. அது பூக்கும் தறுவாயில் வெட்டிப் பிளந்தால் தண்டின் உட்சோறு முழுவதும் மாவாக இருக்கும். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் சுமத்ராவைக் கண்ட மார்க்கோ போலோ, மரத்திலிருந்து மாவெடுத்து உண்ணும் மக்களைப்பற்றி வியந்து எழுதியிருக்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிங்கப்பூரிலிருந்த சீனர்கள் அம்மாவைக் கழுவித் தூய்மையாக்கி, மணிமணியாக உருட்டி, வறுத்துக் கப்பலேற்றினார்கள். ஜாவாவிலிருந்து வந்த அரிசியே ஜவ்வரிசி ஆயிற்று என்பார் உண்டு; வெந்தால் சவ்வுபோல் ஆவதால் வந்த பெயர் என்பாரும் உண்டு. எவ்வாறாயினும் அது அரிசியன்று. அரிசியின் பெயரைக் கடன் வாங்கியது. இச்செய்தி பின்னால் பயன்படும்.

மரவள்ளியின் தாயகம் தென்னமெரிக்கா. போர்த்துகீசியர் வழியாக அது நம் மேற்குக் கரையை வந்தடைந்தது. திருவிதாங்கூரை 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா தாவர இயலில் ஈடுபாடு மிக்கவர். ஏழைகளின் பசிக்கு இக்கிழங்கு உதவும் என்று கண்டு அதன் பயிரைப் பரப்பினார். குமரி மாவட்டத்தார் அதனை மரச்சீனி என்பர். சேலத்தார் குச்சிக்கிழங்கு என்பர். கிழங்கில் இயற்கையாகவே சயனைடு நஞ்சுக்கு மூலமான பொருள் உண்டு. சில இரகங்களில் அது மிகுதி. தோலுரித்தலும், நீரில் ஊறவைத்தலும், வேகவைத்து வடித்தலும், வெயிலில் உலர்த்தலும் அந்நஞ்சைப் போக்கும் வழிகள். மலேயாவிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சீனர் மரவள்ளித் தோட்டங்கள் இட்டு, அம்மாவையும் மணியாக உருட்டத் தொடங்கினர். வாங்குவோர் பலருக்குப் பனைமணி எது, கிழங்குமணி எது என்ற வேறுபாடு தெரியவில்லை.

1942ஆம் ஆண்டு பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் வீழ்ந்தது. பர்மாவும் அவ்வாண்டிலேயே வீழ்ந்தது. பர்மாவிலிருந்து வந்த அரிசியும் நின்றது. மலேயாவிலிருந்து வந்த ஜவ்வரிசியும் நின்றது. 1943இல் வங்காளத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது.

அதே 1943இல்தான் சேலத்தில் மாணிக்கம் செட்டியார் என்பவர் ஜவ்வரிசி செய்யத் துணிந்தார். அவர் மீன் வாணிகத்தின் பொருட்டுக் கேரளத்துக்கு அடிக்கடி சென்று வந்தவர். அமெரிக்க மக்காச்சோள மாவுக்கு ஈடாக மரவள்ளி மாவு பயன்படும் என்பதை அங்கே கண்டறிந்தார். மலேயாவின் பினாங்கில் வாழ்ந்து ஜவ்வரிசி செய்யும் முறையை அறிந்திருந்த போபட்லால் ஷா அவருக்குத் துணையாகக் கிடைத்தார். கடல் கடந்து வந்த சரக்கு நின்றபோது, கடல் கடந்து வந்த கைத்திறன் அவ்விடத்தை நிரப்பிற்று.

தொடக்கத்தில் அது முற்றிலும் கைத்தொழில். கிழங்கைத் தோலுரித்து அரைத்துப் பிழிந்தால் மாவு பால்போல் வடியும். அதை வடிகட்டித் தொட்டியில் தெளியவிட்டால் மாவு அடியில் படியும். மிஞ்சும் சக்கைக்குத் திப்பி என்று பெயர், அது மாட்டுத் தீவனமாகும். ஈர மாவை உதிர்த்துத் துணியிலிட்டுக் குலுக்கினால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி உருளும். சலித்து எடுத்த உருண்டைகளை, எண்ணெய் தடவிய இரும்புத் தட்டில் வறுத்தால் மேற்புறம் பாதி வெந்து கெட்டியாகும். பிறகு வெயில்தான் வேலை செய்யும். சேலத்திலிருந்து ஆத்தூர்ச் சாலையில் செல்வோர், சேகோ ஆலைகளின் களங்களில் வெண்மணல் பரப்பினாற்போல் ஜவ்வரிசி உலர்வதைக் கண்டிருப்பார்கள். முதலில் வேங்கடாசலக் கவுண்டர் என்பவரின் முயற்சியால் இயந்திரங்கள் திருந்தின. பின்னர் தொழில் வேகமாகப் பரவிற்று.

பரவும் முன்னரே அதற்கு ஓர் இடையூறு நேர்ந்தது. 1944இல் உணவு நெருக்கடி முற்றியபோது, கிழங்கை வேறு சரக்காக மாற்றுவதைச் சேலம் கலெக்டர் தடை செய்தார். உற்பத்தியாளர்கள் மாணிக்கம் செட்டியார் தலைமையில் சங்கமாகக் கூடி, சிவில் சப்ளைஸ் கமிஷனரிடம் முறையிட்டுத் தடையை நீக்கச் செய்தார்கள். தொழிலின் வரலாற்றைச் சொல்லுவோர் இதனை ஒரு வெற்றியாகவே சொல்லுவர். எனக்கு மட்டும் கலெக்டர் பக்கமும் நியாயம் இருந்ததாகத் தோன்றுகிறது. பசித்தவன் கிழங்கை வேகவைத்து அப்படியே உண்ணலாம். ஜவ்வரிசியோ நோயாளியின் கஞ்சிக்கும் விருந்தின் பாயசத்துக்கும் உரியது. பஞ்ச காலத்தில் கிழங்கு யாருக்குச் சேரவேண்டும் என்ற வினா எளிதில் தள்ளத்தக்கதன்று.

பெயரைப்பற்றிய ஐயமும் நாளடைவில் தீர்ந்தது. 1955ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடை விதிகளின் வரையறையில், சாகுப் பனையின் மாவில் செய்தாலும் மரவள்ளி மாவில் செய்தாலும் இரண்டும் சேகோவே என்று இடம் பெற்றது. 1981இல் உற்பத்தியாளரின் கூட்டுறவுச் சங்கமாகிய சேகோசர்வ் தோன்றியது. 2023இல் சேலம் ஜவ்வரிசி புவிசார் குறியீடும் பெற்றது. மாற்றாளாக வந்த பொருள் இன்று தன் பெயரில் பட்டயம் பெற்றிருக்கிறது! வடநாட்டில் தானியம் விலக்கும் விரத நாட்களில் சாபுதானாக் கிச்சடி உண்பது வழக்கம். அமெரிக்கக் கிழங்கு, மலேயாவின் கைத்திறன், சேலத்து வெயில் மூன்றும் கூடிய பண்டம் ஏகாதசிக்கு உகந்த உணவாயிற்று.

இனி மைசூருக்கு வருவோம். சேலத்தில் கிழங்கை முத்தாக்கிக்கொண்டிருந்த காலத்தில், மைசூரில் அதே கிழங்கை அரிசியாக்க முயன்றார்கள். அரச குடும்பத்துச் செலுவாம்பா மாளிகையில் 1950 அக்டோபரில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. அதன் முதல் இயக்குநர் டாக்டர் வி. சுப்பிரமணியன். நாடு விடுதலை பெற்றும் அரிசிப் பஞ்சம் நீங்காத காலம் அது. பங்கீட்டுக் கடையின் முன் மக்கள் காத்து நின்ற காலம். மரவள்ளி குறைந்த மழையிலும் விளையும். ஆனால் அது ஏறக்குறைய வெறும் மாவு. புரதம் மிகச் சொற்பம். எண்ணெய் எடுத்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் புரதம் மிகுதி. தூய்மையாகத் தயாரித்த அப்பிண்ணாக்கு மாவை மரவள்ளி மாவோடு சேர்த்து, இயந்திரத்தில் அழுத்தி, அரிசி வடிவில் நறுக்கினால் என்ன என்று அந்நிலையத்தார் எண்ணினர். 1950களின் தொடக்கத்தில் ‘செயற்கை அரிசி’ என்னும் பெயரால் அது நாடெங்கும் பேசப்பட்டது. பின்னர் மரவள்ளி மாவு 60 பங்கு, கோதுமை ரவை 25 பங்கு, நிலக்கடலை மாவு 15 பங்கு சேர்ந்த ‘மரவள்ளி மாக்கரோனி’ வந்தது. அதைச் சிறுவர்களுக்கு உணவாகக் கொடுத்து, அவர்கள் வளர்ச்சியை அளந்து ஆராய்ந்தார்கள்.

அறிவியல் நோக்கில் அதில் குறை சொல்ல இடம் சிறிதே. ஆயினும் அரிசியின் இடத்தை அது பெறவில்லை. 1960களின் பிற்பகுதியில் புதிய நெல், கோதுமை வித்துக்கள் வந்து விளைச்சல் பெருகத் தொடங்கியபின் அதன் தேவையும் குறைந்தது. வேறொன்றையும் நான் எண்ணுவதுண்டு. ஜவ்வரிசியும் அரிசி என்ற பெயரைக் கடன் வாங்கியதே; ஆனால் அது ஒருநாளும் சோறாக நடிக்கவில்லை. பாயசமாகவும் வடாமாகவும் தன் இலையில் தன் இடத்தில் அமர்ந்தது. மைசூரின் பொருளோ நாள்தோறும் இரு வேளை சோற்றின் இடத்தைக் கேட்டது. பெயரும் அதற்கு வாய்க்கவில்லை. பேராசிரியர் எம். வி. கோபாலசுவாமி 1935இல் தம் வீட்டில் நிறுவிய ஒலிபரப்பு நிலையத்தின் வழியே ‘ஆகாசவாணி’ என்னும் அழகிய பெயரை நாட்டுக்கு அளித்த ஊர் இது. அந்த ஊரில் பிறந்த உணவைச் ‘செயற்கை’ என்று அழைத்தால் யார் விரும்பி இலையில் இடுவார்கள்?

பசிக்கென்று வந்தது மறைந்தது; சுவைக்கென்று வந்தது கடல் கடந்தும் வாழ்கிறது. தைவானில் கிழங்கு மாவு உருண்டைகளை ‘ஃபென்யுவான்’ என்று பெயரிட்டு இனிப்பு நீரில் மிதக்கவிட்டு உண்பது பழைய வழக்கம். 1980களில் அவை தேநீரில் விழுந்தன. தைச்சுங் நகரின் சுன் ஷுய் தாங் கடையார் தாங்களே முதல் என்பர். தைனான் நகரின் ஹான்லின் கடையார் தாங்களே என்பர். பத்தாண்டு நடந்த வழக்கு 2019இல் முடிந்தது: இது உரிமை கொண்டாடத்தக்க பொருளன்று, யார் வேண்டுமாயினும் செய்யலாம் என்பதே முடிவு. நாமும் செய்யலாம். மைசூரில் இருப்போருக்குச் சேலத்து மாவும், மாண்டியா வெல்லமும், நீலகிரித் தேயிலையும் தொலைவில் இல்லை.

பாயசத்துக்குரிய சிறு ஜவ்வரிசி இதற்கு உதவாது, குழைந்துவிடும். மரவள்ளி மாவாகவே வாங்கவேண்டும். மாவு ஒரு கோப்பை, தூளாக்கிய வெல்லம் கால் கோப்பை, தண்ணீர் கோப்பையில் மூன்றிலொரு பங்குக்குச் சற்றுக் குறைவு. வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, மீண்டும் தளதளவெனக் கொதிக்கவிட்டு, மாவில் ஊற்றிக் கிளறவேண்டும். கொதிநீர் இன்றியமையாதது. தண்ணீர் ஆறியிருந்தால் மாவு கையில் பிடிக்கும்போது கல்லாகவும், விட்டால் நீராகவும் ஓடும்; உருண்டையாகாது. கொதிநீர் பட்டால் மாவில் ஒரு பகுதி வெந்து பசையாகி, மற்றதைக் கட்டிப்பிடிக்கும். சேலத்து இரும்புத் தட்டு செய்யும் வேலையை இங்கே கொதிநீர் செய்கிறது. பொறுக்கும் சூட்டில் பிசைந்து, கயிறாகத் திரித்து, நறுக்கி, கடலையளவு உருட்டி, உலர்ந்த மாவில் புரட்டி வைக்கவேண்டும். மாவு உலர்ந்தால் வெடிக்கும். ஈரத்துணியால் மூடி வைப்பது நலம்.

கொதிக்கும் நீர் ஏராளமாக இருக்கவேண்டும். அதில் உருண்டைகளை இட்டு, அவை மேலே மிதந்தபின் இருபது முதல் முப்பது நிமிடம் வேகவிட்டு, அடுப்பை அணைத்து மூடி, அவ்வளவு நேரமே வைத்திருக்கலாம். ஒன்றை நறுக்கிப் பார்த்தால் நடுவில் வெண்புள்ளி இருத்தலாகாது. வடித்துத் தண்ணீரில் அலசி வெல்லப்பாகில் ஊறவைக்கவேண்டும். தேநீரைக் கடுப்பாக இறக்கி, நன்றாக ஆறியபின்பே பாலையும் பாகையும் சேர்க்கவேண்டும். சூடான பாலில் வெல்லம் பட்டால் திரிந்துபோகும். சிறு குழந்தைகளுக்கு இதைக் கொடுக்கலாகாது. வழுக்கித் தொண்டையில் அடைக்கும். மிஞ்சியதைக் குளிர்பெட்டியில் வைத்தால் மறுநாள் இறுகிப் பரல்போல் கிடக்கும். செய்த சில மணி நேரத்துக்குள், பாட்டியாருக்கும் ஒரு குவளை கொடுத்து, உண்டுவிடுவது நன்று.