மூன்றடி மேசை

பி.எஸ்ஸி. வேதியியலில் நான் முதன்முதலில் கையாளக் கற்றுக்கொண்ட கருவி ஒரு மரப்பலகை. மதுரையில் கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம் அது. ஆய்வக மேசையின் உயரம் மூன்றடி. அதன் மேல் கூம்புக்குடுவை அரையடி. அதற்கு மேல் தாங்கியில் பொருத்திய பியூரெட் இரண்டரையடி. மொத்தம் ஆறடி. என் உயரமோ ஐந்தடிக்கு ஓரங்குலம் குறைவு. பியூரெட்டின் உச்சியில் புனலை வைத்து அமிலத்தை ஊற்ற வேண்டும் என்றால் கையைத் தலைக்கு மேலே தூக்க வேண்டும், அண்ணாந்தும் பார்க்க வேண்டும். அட்டெண்டர் அக்கா மேசைக்கு அடியிலிருந்து ஒரு பலகையைக் காலால் தள்ளிவிட்டு, "ஏறி நின்னு ஊத்து பாப்பா, கண்ணுல விழுந்துரப் போகுது" என்றார். அந்த மேசையை யாருடைய உடம்பை அளந்து செய்திருப்பார்கள் என்ற கேள்வி எனக்கு அப்போது வரவில்லை. வேலைக்குப் போய்ப் பல வருடங்கள் கழித்துத்தான் வந்தது.

பெண் கல்வி வரலாற்றை எழுதுகிறவர்கள் முதல் மாணவி யார், முதல் பட்டதாரி யார் என்று தேடுகிறார்கள். அந்தப் பெண் எந்தக் கட்டடத்தில் நின்று படித்தாள் என்று யாரும் அதிகம் கேட்பதில்லை. வரலாறோ பொருளாதாரமோ நடத்த ஒரு அறையும் கரும்பலகையும் போதும், மரத்தடிகூடப் போதும். வேதியியல் அப்படியில்லை. ஓடும் தண்ணீர், அமிலம் அரிக்காத வடிகால், எரிவாயு, நச்சுக்காற்றை வெளியேற்றும் அலமாரி, துல்லியத் தராசுக்குத் தனி அறை, பொருள் வைப்பறை, பார்த்துக்கொள்ள ஆள் என்று ஒரு பட்டியலே வேண்டும். பணம் இல்லாத பெண்கள் கல்லூரி எதைக் கற்றுத்தரும், எதைத் தராது என்பதைப் பாடத்திட்டக் குழு கூடும் முன்பே கட்டடம் முடிவுசெய்துவிடுகிறது.

நம் ஊரில் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். கேம்பிரிட்ஜில் கர்ட்டன், நியூன்ஹாம் என்ற பெண்கள் கல்லூரிகளின் மாணவிகள் பல்கலைக்கழக உயிரியல் ஆய்வகங்களில் தாராளமாக நுழைய முடியாததால், 1884இல் கைவிடப்பட்ட ஒரு சிற்றாலயத்தை வாங்கிப் பெண்களுக்கென்று பால்ஃபர் ஆய்வகத்தை அமைத்தார்கள். முப்பது ஆண்டுகள் அது நடந்தது. சென்னையிலும் பெண்களின் அறிவியல் பிறருடைய வீடுகளில்தான் குடியேறியது. 1914இல் டோரதி டி லா ஹே முதல்வராக இருந்து அரசு தொடங்கிய பெண்கள் கல்லூரி, பின்னாளைய ராணி மேரிக் கல்லூரி, கேப்பர் ஹவுஸ் என்ற கடற்கரை ஹோட்டல் கட்டடத்தில் இயங்கியது. 1915இல் பிறந்த பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரி அடுத்த ஆண்டே டவ்டன் ஹவுஸ் பங்களாவுக்கு மாறியது. பங்களாவைக் கல்லூரியாக்கினால் வகுப்பறைகள் உடனே கிடைத்துவிடும். சாப்பாட்டு அறையில் நாற்காலி போட்டால் வகுப்பு. ஆய்வகத்துக்கோ தரையை உடைத்துக் குழாய் பதிக்க வேண்டும்.

தலைச்சேரியிலிருந்து வந்த ஜானகி அம்மாள் ராணி மேரியில் பட்டம் பெற்று, தாவரவியல் ஆனர்ஸுக்கு மாநிலக் கல்லூரிக்குப் போய் 1921இல் முடித்தார். பிறகு பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் கற்பித்தார். அங்கிருந்து அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம், 1931இல் முனைவர் பட்டம். மேற்படிப்புக்கு ஒவ்வொரு படியிலும் அவர் வேறொரு கட்டடத்தைத் தேடிப் போக வேண்டியிருந்தது. போன கட்டடத்தின் கதவு எல்லோருக்கும் திறந்ததுமில்லை. 1933இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் கமலா சோஹோனிக்கு இடமில்லை என்றார் சி.வி. ராமன். கமலா விடாமல் வாதாடிய பிறகு, ஓராண்டு சோதனைக் காலம் என்ற நிபந்தனையோடு சேர்த்துக்கொண்டார்கள்.

மதுரைக்கு வருவோம். ஆண்களுக்கான அமெரிக்கன் கல்லூரி 1881இல் பசுமலையில் தொடங்கி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வைகையின் வடகரைக்கு வந்தது. மீனாட்சி கோயிலைச் சுற்றி எத்தனையோ வீதிகள் கொண்ட இந்த நகரத்துக்குப் பெண்களுக்கென்று ஒரு கல்லூரி வர 1948 ஆனது. மதுரையில் நெடுங்காலம் பணியாற்றிய அமெரிக்க மிஷனரி கேட்டி வில்காக்ஸ் தொடங்கிய லேடி டோக் கல்லூரி அது. 1953இல் பாத்திமா கல்லூரி. 1965இல் அரசின் மீனாட்சி மகளிர் கல்லூரி. மூன்றும் ஆற்றுக்கு வடக்கே.

லேடி டோக் தொடங்கிய அதே 1948இல்தான் ராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக்குழு அமைந்தது. பெண்களின் கல்விக்குத் தனி அத்தியாயமே ஒதுக்கிய அந்த அறிக்கை, அவர்களுக்குப் பொருத்தமானவை என்று மனையியல், செவிலியம், ஆசிரியப் பணி, நுண்கலை ஆகியவற்றைச் சுட்டியது. மனையியலிலும் வேதியியல் உண்டு, ஆய்வகம் உண்டு. அதைக் கேலி செய்கிற கூட்டத்தில் நான் இல்லை. ஆனால் ஒரு நிர்வாகக்குழு கையில் இருக்கும் பணத்தைச் சமையல் ஆய்வகத்துக்குக் கொடுப்பதா இயற்பியல் ஆய்வகத்துக்குக் கொடுப்பதா என்று யோசிக்கும்போது, இப்படியொரு அறிக்கை எந்தப் பக்கம் தராசை இழுக்கும்? ஆணுக்கொரு பாடம் பெண்ணுக்கொரு பாடம் என்பதை ஹன்சா மேத்தா குழு மறுத்துச் சொல்ல 1960கள் ஆயின. பள்ளியில் பத்தாண்டுகள் கணக்கும் அறிவியலும் எல்லோருக்கும் கட்டாயம் என்று கோத்தாரி குழு 1966இல் சொன்னது. கட்டடங்கள் இன்னும் மெதுவாகத்தான் வந்தன.

கட்டடம் வந்த பிறகு நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் செய்முறை வகுப்பு பிற்பகல் இரண்டிலிருந்து ஐந்து வரை. ஆய்வகம் மேற்குப் பார்த்தது. மதுரை வெயிலில் பிற்பகல் மூன்று மணிக்கு மேற்குச் சுவர் என்ன செய்யும் என்பது இங்கே வீடு கட்டிய எவருக்கும் தெரியும். மின்விசிறி போட்டால் புன்சன் சுடர் ஆடும், அதனால் நிறுத்திவிடுவோம். தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு, வேர்வை கண்ணில் வழிய, உப்புப் பகுப்பாய்வு. கிப்ஸ் கருவியிலிருந்து வரும் அழுகிய முட்டை நாற்றம் தலைமுடியில் ஒட்டிக்கொண்டு பஸ்ஸில் கூடவே வரும்.

நுண்ணோக்கிக்கு வடக்கு வெளிச்சம்தான் சிறந்தது என்று மேல்நாட்டுக் கட்டடக்கலைப் புத்தகங்கள் சொல்லும். லண்டனில் நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கே இருப்பதால் அங்கே அது சரி. மதுரை நிலநடுக்கோட்டிலிருந்து பத்து பாகை வடக்கேதான் இருக்கிறது. ஏப்ரல் நடுவில் சூரியன் உச்சிக்கு நேரே வந்து, ஆகஸ்ட் கடைசி வரை வடக்குச் சாய்ந்தே போகும். எனவே இங்கே வடக்கு ஜன்னலுக்கும் மழைத்தடுப்பு நீட்ட வேண்டும், அதோடு ஒரு தாழ்வாரமும் வேண்டும். பழைய கட்டடங்களின் அகன்ற தாழ்வாரங்களை அழகுக்காகக் கட்டினார்கள் என்று நினைப்பவர்கள் அங்கே ஜூன் மாதம் நின்று பார்க்கலாம்.

ஐந்து மணி என்பது இன்னொரு பிரச்சினை. உசிலம்பட்டி, மேலூர், வாடிப்பட்டிப் பக்கமிருந்து வரும் பெண்கள் ஏ.வி. பாலம் தாண்டியோ தாண்டாமலோ இரண்டு பஸ் மாற வேண்டும். இருட்டு முன் வீடு சேரவில்லை என்றால் அடுத்த வருடம் படிப்பு இல்லை. டைட்ரேஷன் முடிவுப் புள்ளி வரும் முன்பே கணக்கை எழுதிவிட்டு ஓடியவர்கள் எங்கள் வகுப்பில் இருந்தார்கள். ஆசிரியர்களுக்கும் தெரியும். விடுதியை ஆய்வகத்துக்கு அருகில் கட்டுவதும், ஆய்வகத்தைக் காலையில் நடத்துவதும் வடிவமைப்பின் பகுதிதான் என்று வரைபடம் போடுகிறவர்கள் நினைப்பதில்லை.

கழிப்பறையைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. மூன்று மணி நேரம் நின்று செய்யும் வகுப்பு நடக்கும் தளத்தில் ஒன்றுகூட இல்லாத கட்டடங்களை நான் பார்த்திருக்கிறேன். மாதத்தில் அந்த மூன்று நாள்களில் பிராக்டிகலுக்கு லீவு போட்டவர்களின் கணக்கு எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

ஆனாலும் இந்தக் கட்டடங்களைப் பெண்கள் விட்டுக்கொடுத்ததில்லை. 2003இல் ராணி மேரிக் கல்லூரியை இடித்துவிட்டுத் தலைமைச் செயலகம் கட்ட அரசு முனைந்தபோது மாணவிகள் வளாகத்தை விட்டு நகர மறுத்துப் போராடினார்கள். திட்டம் கைவிடப்பட்டது. ஹோட்டலாக இருந்த இடம்தான், அதற்குள் அவர்களுடையதாகிவிட்டிருந்தது.

சென்ற ஆண்டு மதுரைக்கு அருகே ஒரு பெண்கள் கல்லூரியில் புதிய அறிவியல் கட்டடத்தைப் பார்க்கப் போனேன். கிரானைட் மேசைகள், தளத்துக்குத் தளம் கழிப்பறை, கண் கழுவும் குழாய், வாயால் உறிஞ்சாத பிப்பெட். மேசையின் உயரத்தை என் கைப்பையில் இருந்த டேப்பால் அளந்தேன். மூன்றடி. மூத்த அட்டெண்டர் ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் குனிந்தார். மேசைக்கு அடியில் வரிசையாகப் பலகைகள், கண்ணாடிச் சாமான் வந்த பெட்டிகளை உடைத்துச் செய்தவை, ஓரம் தேய்ந்தவை. பழைய கட்டடத்திலிருந்து சாமான்களை மாற்றியபோது ஸ்டாக் ரிஜிஸ்டரில் இவை இல்லை, கழித்துவிடலாம் என்றார்களாம். "நான்தான் லாரில ஏத்துனேன்மா," என்றார்.