முடுக்கி இலக்கு வடிவமைப்பில் பாய்ம ஓட்டக் கணிப்பு

துகள் முடுக்கியின் புரோட்டான் கற்றை போய் மோதும் பொருளுக்கு இலக்கு என்று பெயர். 1 கிகா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள ஒரு புரோட்டான் தடித்த ஈயத்தில் மோதினால் இருபது நியூட்ரான்களுக்குக் குறையாமல் வெளிவரும். கற்றையின் ஆற்றலில் பெரும்பங்கு அங்கேயே வெப்பமாகும். திறன் மெகாவாட்டை நெருங்கும்போது திண்ம இலக்கைக் குளிர்விப்பது கடினமாகிவிடுவதால், உலோகத்தையே உருக்கி ஓடவிடும் வழி பிறந்தது. தோரியத்தை எரிக்க முடுக்கியோடு இணைந்த உலையை 1990களில் கார்லோ ரூபியா முன்மொழிந்தபின் இந்த வழிக்கு மதிப்பு கூடியது. தோரியம் தரும் மோனசைட் மணல் நிறைந்த கரைகளைக் கொண்ட இந்தியாவும் இதில் இறங்கியது. டிராம்பேயின் பாபா அணு ஆராய்ச்சி மையத்தினர் கணினிக் கணிப்போடு நிற்காமல், பாதரசமும் ஈய-பிஸ்மத் கலவையும் ஓடும் சோதனைச் சுற்றுகளையும் அமைத்தார்கள். அந்த இரட்டை ஏற்பாடுதான் சரியானது. எங்கே ஆபத்து என்று கணிப்பு காட்டும். எவ்வளவு ஆபத்து என்பதை உலோகமே சொல்ல வேண்டும்.

சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் நிறுவனத்தில் 2006 ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை இயங்கிய மெகாபை இலக்கைப் பார்க்கலாம். சுமார் 125 டிகிரி செல்சியஸில் உருகும் ஈய-பிஸ்மத், வெளிவளையத்தின் வழியே இறங்கி, அடியில் திரும்பி, நடுக்குழாயில் ஏறியது. திரும்பும் இடத்தில், கற்றை நுழையும் சாளரத்தின் நடுவே ஓட்டம் தேங்கும். வெப்பம் உச்சத்தில் இருப்பதும் அதே இடம். நடுக்குழாயின் அடியைச் சாய்வாக வெட்டி, சாளரத்தின் குறுக்கே தனித் தாரை ஒன்றைப் பாய்ச்சித்தான் அந்தத் தேக்கத்தைக் கலைத்தார்கள்.

ஆனால் வெப்பக் கணக்கில் நீரிடம் கற்ற பாடம் உதவாது. உந்தப் பரவலுக்கும் வெப்பப் பரவலுக்கும் உள்ள விகிதமான பிராண்டல் எண் அறை வெப்பநிலை நீருக்குச் சுமார் 6, ஈய-பிஸ்மத்துக்கு 0.02 அளவுதான். நீருக்கும் காற்றுக்கும் பொருந்தும் கொந்தளிப்பு மாறிலியை அப்படியே இட்டால், சுவர் உண்மையைவிடக் குளிர்ந்ததாகக் கணினி காட்டும். அபாயமான பக்கத்துப் பிழை இது. கடலூர், சிதம்பரம் பக்கத்து மாணவர்களுக்கு இதற்கான சான்று அதே கரையில் வடக்கே கல்பாக்கத்தில் இருக்கிறது. அங்கே வேக உலை ஆய்வுக்காக நான்கில் ஒரு பங்கு அளவில் அமைத்த சம்ராட் நீர் மாதிரி ஓட்டத்தின் போக்கைக் காட்டும். ஆனால் அந்த உலையைக் குளிர்விக்கும் சோடியத்தின் வெப்பப் பரவலுக்கு அந்த நீரை மட்டும் நம்பியிருக்க முடியாது.

கணினியின் வேகம் கூடக்கூட ஒவ்வொரு சுழலையும் நேரடியாகக் கணித்துவிடலாமே என்பார்கள். ஓட்டத்தின் கொந்தளிப்பு அளவைக் குறிக்கும் ரேனால்ட்ஸ் எண் பத்து மடங்கானால் அந்த வேலை ஏறத்தாழ ஆயிரம் மடங்காகிறது. முழு இலக்குக்கு அது இன்னும் கைக்கெட்டவில்லை. அதைவிடப் பெரிய தடை, சமன்பாட்டில் சேர்க்காததைக் கணிப்பு காணாது என்பது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் 2006இல் தொடங்கிய பாதரச இலக்கை நொடிக்கு 60 கற்றைத் துடிப்புகள் தாக்குகின்றன. ஒவ்வொரு துடிப்பும் அழுத்த அலையை எழுப்ப, பாதரசத்தில் குமிழ்கள் தோன்றி நொறுங்கி எஃகுச் சுவரில் குழி பறிக்கின்றன. சீரான ஓட்டத்துக்கான கணிப்பில் இது அகப்படாது. ஜப்பானிய ஆய்வாளர்கள் இந்தச் சிதைவைச் சோதனைக்கூடத்தில்தான் முதலில் கண்டார்கள். பாதரசத்துக்குள் ஹீலியக் குமிழ்களைச் செலுத்தி அந்த அதிர்ச்சியை உறிஞ்சும் முறை ஓக் ரிட்ஜில் 2017இல் நடைமுறைக்கு வந்தது.